எட்டுப் பக்கமும் ஒரு வரியும்

சேசு மரி சூசை துணை

காரைக்கால்,
18 ஜூன் 1974.

அன்புள்ள தம்பி லூர்துநாதனுக்கு அக்கா சலோமி எழுதிக்கொண்டது. நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது, குருமடத்துக் குழம்பில் இப்போதாவது காரம் போடுகிறார்களா என்று தெரிவி.

அத்தான் போட்ட கார்டு கிடைத்திருக்கும். ‘குழந்தை தங்கவில்லை, சலோமி நலம்’ என்று இரண்டு வரி. மின்சார இலாகாவில் கம்பம் ஏறுகிற மனிதருக்குத் தந்தி மாதிரிதான் எழுத வரும். மீதியை நான் சொல்கிறேன்.

மே முப்பதாம் தேதி வியாழக்கிழமை, உச்சிவெயிலில் வலி வந்துவிட்டது. ஏழாம் மாதம்தான் நடந்துகொண்டிருந்தது. அத்தான் அம்பகரத்தூர்ப் பக்கம் லைன் வேலைக்குப் போயிருந்தார். தெருவில் ஒரு வண்டி இல்லை. கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவருகிற காசியம்மா அந்த நேரத்துக்கு வாசலில் நின்றாள். கூடையை இறக்கிவைத்துவிட்டு அவள்தான் பிரசவம் பார்த்தாள். தன் தெருவில் நாலைந்து பிரசவம் பார்த்த கைதான். குழந்தை பிறந்தது. தங்காது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த செம்பை எடுத்துத் தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே என்று சொல்லி நானே ஞானஸ்நானம் கொடுத்தேன். சாமியார் இல்லாத ஆபத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதானே மனப்பாடம் செய்தோம். அப்புறம் கொஞ்ச நேரம்தான்.

சாயங்காலம் பங்குச்சாமி வந்தார். “உசிரு இருக்கறப்பவே ஊத்தினியாம்மா?” என்று கேட்டார். “ஆமாங்க சாமி” என்றேன். உயிர் போன பிறகு ஊற்றினால் அது ஞானஸ்நானம் ஆகாது அல்லவா. அதனால் மந்திரித்த கல்லறை மண்ணிலேயே குழந்தையை வைத்தார்கள். இல்லாவிட்டால் மேற்கு மதிலோரம், சிலுவை கிடையாத குழிகளோடு ஒரு குழி.

ஞானஸ்நானம் பெறாமல் போன பாலர்களுக்கு வேதனையும் இல்லை, சர்வேசுரனைப் பார்க்கிற பாக்கியமும் இல்லை, தனியாக ஓரிடத்தில் இருப்பார்கள் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நம் குழந்தை அங்கே இல்லை, நேரே சர்வேசுரனிடம் போய்விட்டது. அப்படித்தானே? அம்மா இருந்தால் அவளிடம் கேட்டிருப்பேன். இப்போது சாமியாராவதற்கு வேதசாத்திரம் படிக்கிறவன் நம் வீட்டில் நீ ஒருவன். ஒரு வரி எழுது, போதும்.

உன் அக்கா,
சலோமி.


பெரிய குருமடம்,
9 ஜூலை 1974.

பாசமுள்ள அக்காவுக்கு, இறைவன் அருளால் நலம். உன் நலமும் அத்தான் நலமும் வேண்டுகிறேன். இங்கே ஓயாத மழை. குழம்பில் காரம் இன்னும் வரவில்லை.

உன் கடிதம் படித்து வருந்தினேன். உங்கள் இருவருக்காகவும் பூசையில் வேண்டிக்கொண்டேன். காலம் ஆற்றும், அக்கா.

நீ கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் இந்த வருஷம் முழுக்கப் படிக்கிறோம். நவீன தத்துவம் எடுப்பதற்கு ஐரோப்பாவில் படித்துத் திரும்பிய சாமியார் ஒருவர் வந்திருக்கிறார். முதல் வகுப்பிலேயே, “கடவுள் இருக்கிறார் என்பதற்கு நீங்கள் படித்த ஐந்து நிரூபணங்களையும் செருப்போடு வாசலில் கழற்றி வையுங்கள்” என்றார். எனக்கு மூன்று நாள் தூக்கம் இல்லை.

விஷயம் இதுதான். இருநூறு வருஷத்துக்கு முன் ஜெர்மன் தேசத்துத் தத்துவவாதி ஒருவர் கேட்டார்: மனித அறிவு எதுவரை போகும்? எதையும் அது உள்ளபடி அறிவதில்லை, தனக்குத் தோன்றுகிறபடிதான் அறிகிறது. இடம், காலம், காரணம் எல்லாம் நாம் போட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடி. கழற்றவும் முடியாது. அந்தக் கண்ணாடிக்குள் அகப்படுகிற பொருள் அல்ல கடவுள். ஆகவே அவரை ‘அறிவது’ என்ற பேச்சே தடுமாறிப்போகிறது. அவருக்குப் பின் வந்தவர்கள், வேதாகமத்தில் மேலே, கீழே, வானம், பாதாளம் என்று வருவதெல்லாம் பழங்காலத்து மனிதர் பேசிய விதம், அதை உரித்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

அதனால் ‘குழந்தை எங்கே இருக்கிறது’ என்று கேட்கும்போது அந்த ‘எங்கே’ நம் கண்ணாடியிலிருந்து வருகிறது. மோட்சம் சுரக்குடிக்கு அடுத்த ஊர் அல்ல. நீ சொல்கிற பாலர்கள் இருக்குமிடமும் யாரோ தர்க்கத்துக்காகக் கட்டிய ஓர் அறை. கேள்வியையே வேறு விதமாகக் கேட்கப் பழக வேண்டும். இதை உனக்கு விளக்கமாக எழுத உட்கார்ந்தேன். இத்துடன் இன்னும் ஏழு பக்கம் வைத்திருக்கிறேன், நிதானமாகப் படி.

உன் தம்பி,
லூர்துநாதன்.


சேசு மரி சூசை துணை

காரைக்கால்,
2 ஆகஸ்ட் 1974.

அன்புள்ள தம்பிக்கு ஆசீர்வாதம். உடம்புக்குக் குறைவில்லை. மறுபடியும் தையல் வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டேன். உனக்கு மழையில் சளி பிடிக்கும், கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொள்.

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டவனுக்குக் கொட்டைப்பாக்கு விலை சொன்ன கதையாக இருக்கிறது, நீ எழுதியது. நான் கேட்டது ஒரு வரி, வந்தது எட்டுப் பக்கம். இருந்தாலும் எட்டையும் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். மோட்சம் சுரக்குடிக்கு அடுத்த ஊர் இல்லையென்று எனக்கும் தெரியும், ராசா. அங்கே பஸ் போனால் நான் ஏன் உன்னிடம் கேட்கப்போகிறேன்?

ஒன்று மட்டும் கேட்கிறேன், அதற்கு நேராகப் பதில் சொல். ‘தெரியும்’ என்றால் என்ன? பார்க்காத ஒன்றைத் தெரியும் என்று சொல்லலாமா? சரி, பார்க்காததை விடு. பக்கத்திலேயே இருந்து, கையில் பிடித்துக்கொண்டு, கண்ணால் பார்த்தும் நிச்சயமில்லாத ஒன்றைத் தெரியும் என்று சொன்னால் அது பொய்யா?

இங்கே ஒரு வம்பு முளைத்திருக்கிறது. குழந்தை விஷயத்தை நகராட்சியில் பதியப் போனவர் உன் அத்தான். ‘உயிரில்லாமல் பிறந்தது’ என்று எழுதிக்கொடுத்து வந்திருக்கிறார். என்னிடம் சொல்லவுமில்லை. கோயில் புத்தகத்திலோ ஞானஸ்நானம் பெற்று இறந்தது என்று இருக்கிறது. கல்லறைத் திருநாளுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதுகிற உபதேசியார் யாகப்பன் இருக்கிறாரே, அவர் கண்ணுக்கு ஊசி முனையும் தப்பாது. நகராட்சிச் சீட்டை எப்படியோ பார்த்துவிட்டு வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். “என்னம்மா இது, கோயிலுக்கு ஒரு பேச்சு, கவர்மெண்டுக்கு ஒரு பேச்சா?” என்கிறார். வீட்டுக்காரர் விவரம் தெரியாமல் தவறாக எழுதிவிட்டார் என்று சொல்லி அனுப்பினேன். அத்தான் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

எனக்கு எதிலும் மனம் நிலைக்கவில்லை. தைத்ததைப் பிரித்துப் பிரித்துத் தைக்கிறேன். பதில் போடு.

உன் அக்கா,
சலோமி.


பெரிய குருமடம்,
25 ஆகஸ்ட் 1974.

பாசமுள்ள அக்காவுக்கு வணக்கம். நீ வேலைக்குப் போகத் தொடங்கியது சந்தோஷம். எனக்குச் சளி பிடித்து, விட்டுவிட்டது.

நீ தத்துவம் படித்திருக்க வேண்டியவள். நாங்கள் மூன்று மாதம் முட்டிமோதிய இடத்துக்கு இரண்டே வரியில் வந்துவிட்டாய். தெரியும் என்றால் என்ன, கண்ணால் பார்த்தும் நிச்சயமில்லாதது எது என்று நீ கேட்டதை அப்படியே கருத்தரங்கில் வாசித்தேன். பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்து, “இந்த அம்மாள் என்ன படித்திருக்கிறார்?” என்றார். “எட்டாம் வகுப்பு, தையல் டீச்சர்” என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

என் பதில் இது. அறிவது வேறு, நம்புவது வேறு. அறிவு சான்று கேட்கும். நம்பிக்கை சான்று தீர்ந்துபோன இடத்தில் கால் வைக்கும். அதைப் பாய்ச்சல் என்கிறார் இன்னொரு தேசத்துக்காரர். கரை தெரியாமல் பாய வேண்டும். கரை தெரிந்துவிட்டால் அது பாய்ச்சல் இல்லை, நடை. ஆகவே நிச்சயமில்லாததைத் தெரியும் என்று சொல்வது பொய் என்பதைவிட, சொல்லைத் தவறான இடத்தில் வைப்பது என்று சொல்லலாம். நகராட்சிச் சீட்டுக்காரியத்தை ஒரு மனு கொடுத்துத் திருத்திவிடலாமே, அதற்கா இவ்வளவு கவலை?

இவ்வளவு எழுதுகிறேன். ஆனால் நான் பாயவில்லை, அக்கா. ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக நிற்கிறேன். காலையில் கோயிலில் எல்லாரோடும் சேர்ந்து வேதாகமத்துச் சங்கீதம் சொல்லும்போது, இதை யாரிடம் சொல்கிறோம் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. முழங்காலில் நின்றால் முழங்கால் வலிதான் தெரிகிறது. முன்பெல்லாம் நம் வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார் என்று இருக்கும். இப்போது எதிரே என் எண்ணங்கள்தான் உட்கார்ந்திருக்கின்றன. டிசம்பரில் தியாக்கோன் பட்டம். சாமியாராவதற்கு முந்தின படி. பீடத்துக்கு முன் நின்று விசுவாசிக்கிறேன் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். என் தொண்டையிலிருந்து அது எப்படி வரப்போகிறதென்று தெரியவில்லை. இதை உன்னிடம்தான் சொல்கிறேன், அத்தானிடமும் சொல்லாதே.

நீ இப்படிக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டே இரு. அது எனக்குப் பலம்.

உன் தம்பி,
லூர்துநாதன்.


சேசு மரி சூசை துணை

காரைக்கால்,
15 செப்டம்பர் 1974.

தம்பிக்கு, நலம். நலம் கேட்கவும் எனக்கு இன்று பொறுமை இல்லை. என் கேள்வியைக் கூட்டத்தில் வாசித்துக் கைதட்டு வாங்கினாயா? நல்லது. இந்தக் கடிதத்தை அங்கே வாசிக்காதே.

யாகப்பன் சும்மா இருக்கவில்லை. போன ஞாயிறு பங்குச்சாமி எங்கள் இரண்டு பேரையும் பூசை முடிந்ததும் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் நகராட்சிச் சீட்டின் நகல் இருந்தது. “எதும்மா நிஜம்?” என்றார். உன் அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் திரும்பவும், “உசிரு இருந்துச்சுங்க சாமி” என்றேன். யாகப்பன் பின்னாலிருந்து, “சந்தேகம்னு வந்துட்டா மதிலோரம் மாத்தி வைக்கறதுதானுங்க சாமி முறை. நாளைக்கு ஊரே கேக்கும்” என்றார். சாமியார் அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, “யோசிச்சுச் சொல்றேன்” என்று எங்களை அனுப்பினார். கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டு. அதற்குள் யோசிப்பாராம்.

மாற்றி வைப்பது என்றால் என்னவென்று தெரிகிறதா உனக்கு? தோண்டுவார்கள்.

நீ உன் மனதில் இருந்ததைச் சொன்னாய். நானும் சொல்லிவிடுகிறேன். சுமக்க முடியவில்லை.

குழந்தை அழவில்லை. காசியம்மா காலைப் பிடித்துத் தட்டினாள், முதுகைத் தேய்த்தாள், வாயில் ஊதினாள். பிறகு என்னைப் பார்த்து, “ஒண்ணுமில்ல தாயீ, விட்டுடு” என்றாள். கேட்டாயா? விட்டுடு என்று சொன்ன பிறகுதான் நான் குழந்தையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு செம்பை எடுத்தேன். தண்ணீர் ஊற்றினேன். வார்த்தைகளைச் சொன்னேன். ஊற்றும்போது மார்பு ஒரு தரம் அசைந்தது. அசைந்ததா, என் கை நடுங்கியதில் அசைந்ததா? நூறு தடவை திரும்பத் திரும்ப அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை, லூர்து. பெற்றவள், கையில் வைத்திருந்தவள், எனக்கே தெரியவில்லை. ஆமாங்க சாமி என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து நன்மை வாங்கவில்லை. திருவப்பம் வாங்க எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போகும்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துப் பெண்கள் பார்க்கிறார்கள். பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்றால், பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அது பொய்தானா என்றே தெரியாமல் எப்படிச் சொல்வேன்? பொய் என்று சொல்லிவிட்டால் குழந்தைக்கு உயிர் இல்லை என்று நானே என் வாயால் சொன்னதாகாதா?

உன் கண்ணாடியும் பாய்ச்சலும் எனக்கு வேண்டாம். என் குழந்தை சர்வேசுரனிடம் இருக்கிறதா, இல்லையா?

சலோமி.


காரைக்கால்,
8 அக்டோபர் 1974.

அன்புள்ள மச்சானுக்கு அற்புதராஜ் எழுதுவது. நலம். நலமறிய ஆவல். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் அக்கா உங்களுக்கு என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று வாரமாகத் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்கிறாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனதும் உள்ளே வந்து மெஷினை மிதிக்கிறாள். துணி இல்லாமலும் மிதிக்கிறாள். சாப்பிட வா என்றால், நீங்க சாப்பிடுங்க என்கிறாள். வேறு பேச்சு எங்களுக்குள் இல்லை.

என் மேல் கோபம். நியாயம்தான். அந்தச் சீட்டு விஷயத்தை உங்களிடமாவது சொல்கிறேன். நகராட்சி வாசலில் மனு எழுதுகிற தியாகராசன் என்னிடம், “உசிரோட பொறந்துச்சுன்னு எழுதினா ரெண்டு பதிவு அண்ணே. எப்படிச் செத்துச்சுன்னு டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுத்துப் பாத்தாலும் பாப்பாங்க” என்றார். அது நிஜமா என்று நான் விசாரிக்கவில்லை. அறுப்பார்கள் என்று காதில் விழுந்ததும், உயிர் இல்லை என்றே எழுதிக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கோயிலில் அதனால் இப்படி வரும் என்று தோன்றவில்லை. நான் வீட்டுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. உயிர் இருந்ததா இல்லையா என்று நான் எதைக் கண்டேன்? துணி சுற்றி வைத்திருந்ததைத்தான் கண்டேன்.

இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அறுப்பது என்ற சொல்லை அவள் முன்னால் எப்படிச் சொல்வது?

நீங்கள் படித்தவர். உங்கள் பேச்சைக் கேட்பாள். தயவுசெய்து உடனே ஒரு கார்டாவது போடவும்.

இப்படிக்கு,
அற்புதராஜ்.


காரைக்கால்,
19 அக்டோபர் 1974.

தம்பிக்கு, சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எட்டுப் பக்கம் எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு கார்டு எழுதத் தெரியவில்லையா? நேற்று யாகப்பன் கல்லறையில் அடையாளக் கல் வைத்துக்கொண்டு போனாராம், எதற்கென்று தெரியவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். நம் குழிமேல் ஒன்றும் வைக்கவில்லை. திரும்பி வரும் வழியில் வெயிலில் உட்கார்ந்துவிட்டேன். யார் வீட்டுப் படி என்றுகூடப் பார்க்கவில்லை.

உன்னைக் கடித்து எழுதினேன் என்று கோபமா? கோபமென்றால் கோபத்தையாவது எழுது.

சலோமி.


பெரிய குருமடம்,
25 அக்டோபர் 1974.

அக்கா, உன் கடிதங்களும் அத்தான் கடிதமும் கிடைத்தன. அத்தான் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அவர் உன்னிடம் சொல்ல முடியாததை என்னிடம் சொல்லியிருக்கிறார். நீ படிக்க வேண்டும் என்று தோன்றியது. என்னைத் திட்டினால் திட்டட்டும்.

நான் கோபத்தில் இருக்கவில்லை. நாலு கடிதம் எழுதினேன், நாலையும் கிழித்தேன். முதலாவதில், குழந்தை கடவுளிடம் இருக்கிறது, சந்தேகமே வேண்டாம் என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் பங்குச்சாமியிடம் நீ சொன்ன ‘ஆமாங்க சாமி’ போலவே இருந்தது. அடுத்தடுத்து எழுதியவற்றில் மறுபடியும் தத்துவம் வந்தது. கையைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு ஏதாவது ஒரு சட்டம் உனக்குச் சாதகமாக அகப்படுமா என்று நூலகத்தில் வக்கீல் குமாஸ்தா மாதிரி தேடினேன். பழைய சடங்குப் புத்தகத்தில் ஒன்று இருக்கிறது. குழந்தைக்கு உயிர் இருக்கிறதா என்று சந்தேகமானால், ‘நீ உயிரோடிருந்தால்’ என்று முன்னால் சேர்த்துக்கொண்டு தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். தெரிந்துகொண்ட பிறகு ஊற்று என்று சொல்லவில்லை. தெரியாமலே ஊற்று என்கிறது. அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அறிவு எட்டாத இடத்தைப் பற்றி நாங்கள் வருஷக்கணக்காகப் பேசுகிறோம். மருத்துவச்சிகளும் தாய்மார்களும் அந்த இடத்தில் செம்போடு நின்றிருக்கிறார்கள். இதைப் பங்குச்சாமியிடம் சொல். தெரியாது என்றே சொல். அது பாவமில்லை.

குழந்தை கடவுளிடம் இருக்கிறதா? எனக்குத் தெரியாது, அக்கா. இருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் செய்த முதல் ஜெபம் இதுதான். அழுகையோடு வந்தது. யாரிடம் சொல்கிறேன் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

டிசம்பரில் பட்டம் வேண்டாம், ஒரு வருஷம் பொறுக்கிறேன் என்று குருமட அதிபரிடம் சொல்லிவிட்டேன். சரி என்றார். ஏன் என்று கேட்டார், இன்னும் சொல்லவில்லை.

உன் நாலு கடிதத்தையும் என் பதில்களின் நகலையும் நேற்று வரிசையாக வைத்துப் படித்தேன். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பத்துப் பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறேன். குழந்தை ஆணா பெண்ணா என்று ஓர் இடத்திலும் கேட்கவில்லை. கடவுளையும் இப்படித்தான் இருக்கிறாரா, இருக்க முடியுமா என்று விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒரு வார்த்தை அவரிடம் பேசவில்லை.

ஆணா, பெண்ணா? என்ன பெயர் வைக்க நினைத்திருந்தாய்? யார் சாயல்? எழுது, அக்கா. எத்தனை பக்கமானாலும் எழுது.

உன் தம்பி,
லூர்து.


சேசு மரி சூசை துணை

காரைக்கால்,
6 நவம்பர் 1974.

என் அன்புத் தம்பி லூர்துவுக்கு அக்கா எழுதிக்கொண்டது. நானும் அத்தானும் சுகம். இதை இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதினேன்.

உன் கடிதம் முப்பத்தொன்றாம் தேதி வந்தது. முதலில் அத்தான் கடிதத்தைத்தான் படித்தேன். அவர் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். “அறுப்பாங்கன்னு பயந்தீங்களா?” என்று கேட்டேன். செம்பை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த மனிதர் அழுதார். நான் அவரைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தேன். அவரும் என்னைப் போலத்தான், குழந்தைக்காக வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் சகல பரிசுத்தவான்கள் திருநாள். விடிந்ததும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டேன். உன் புத்தகத்தில் இருக்கிற ‘உயிரோடிருந்தால்’ என்பதை நான் சொல்லவில்லை, லூர்து. அன்று எனக்கு அவ்வளவு நிதானம் ஏது? அதையும் சாமியாரிடம் சொன்னேன். காசியம்மா விட்டுடு என்றதைச் சொன்னேன். எனக்குத் தெரியாது சாமி என்று சொன்னேன். சொன்னதும் நாக்கில் இருந்த ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, “எனக்கும் தெரியாதும்மா. அன்னிக்கு உன்கிட்ட அப்படிக் கேட்டிருக்கவே கூடாது. பெத்தவகிட்ட கேக்கற கேள்வியா அது? குழியத் தோண்டச் சொல்ல நான் யாரு?” என்றார். நன்மை வாங்கினேன்.

கல்லறைத் திருநாளன்று எல்லாக் குழிக்கும் போல நம் குழிக்கும் வந்து தீர்த்தம் தெளித்தார். ‘அற்புதராஜ் சலோமியின் குழந்தை’ என்று பட்டியலில் இருந்தது, அப்படியே வாசித்தார். யாகப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூபம் ஆட்டினார். ஆட்டட்டும்.

நீ பட்டம் வாங்குவதும் வாங்காததும் உன் பாடு. அவரிடம் பேச ஆரம்பித்துவிட்டாய் அல்லவா, அதை விட்டுவிடாதே. டிசம்பர் லீவுக்கு வா. காரமாகச் சமைத்துப் போடுகிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். இத்தனை மாதத்தில் சாமியார், உபதேசியார், தெருவில் போகிற பெண்கள் எல்லோரும் உயிர் இருந்ததா என்றுதான் கேட்டார்கள். எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் யாரிடமும் சொல்லவுமில்லை.

பெண், லூர்து. பிலோமினா என்று வைத்திருந்தேன். சலோமிக்குப் பிலோமி. அந்தப் பெயர் கொண்ட அர்ச்சியசிஷ்டவளே நிஜமாக இருந்தாளா என்று சந்தேகப்பட்டு உங்கள் ஆட்கள் புனிதர் காலண்டரிலிருந்து எடுத்துவிட்டார்களாம். எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருந்தது. மாநிறம். என் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் அடங்கிவிட்டாள். தலை நிறைய முடி, ஈரத்தில் நெற்றியில் ஒட்டியிருந்தது. நகம் இருந்தது, பத்து விரலுக்கும் பார்த்தேன். உதடு அத்தானுடையது, கீழுதடு கொஞ்சம் தடிப்பு. மூக்கு யாருடையது என்று கண்டுபிடிக்க நேரம் கிடைக்கவில்லை. இடது காது மட்டும் உன் காது மாதிரியே மேல்மடல் மடங்கியிருந்தது. காசியம்மா துணி சுற்றும்போது அதை நான் விரலால் நிமிர்த்திவிட்டேன். மறுபடியும் மடங்கிக்கொண்டது.

உன் அக்கா,
சலோமி.